காதுக்கு எட்டாத சீழ்க்கை

“நோன்பு வருமுதல் புள்ளைகள எங்கயாவது கூட்டிட்டுப் போய் வருவம்” என்று வீட்டில் பேச்செழுந்தது 2024 பெப்ரவரியில். எங்கே என்று யாரும் கேட்கவில்லை. கரையோரத்து வெயிலில் பிறந்து வளர்ந்த எங்களுக்கு மலைநாடு என்றால் நுவரெலியா, நுவரெலியா என்றால் குளிர். மகள் கம்பளிச் சட்டைகளைப் பெட்டியிலிருந்து எடுத்து வெயிலில் போட்டாள். மருமகன் வேனின் டயர்களைச் சோதித்தார். என் மனைவி வழிச்சாப்பாட்டுக்கு இறைச்சி பொரிக்கத் தொடங்கினார். நான் தொலைநோக்கியின் கண்ணாடிகளைத் துடைத்தேன்.

எனக்கு ஒரு பழைய கணக்குத் தீர்க்க வேண்டியிருந்தது.

உலகில் வேறெங்கும் காணமுடியாத, இலங்கைக்கே உரிய பறவையினங்கள் முப்பதுக்கும் மேல் உண்டு. அவற்றுள் மலைநாட்டின் ஈரக் காட்டைவிட்டு இறங்காத ஒன்றை என் குறிப்புப் புத்தகத்தில் ‘சீழ்க்கைக் குருவி’ என்று எழுதி வைத்திருக்கிறேன். மைனாவிலும் சற்றுச் சிறியது. ஆண் கருநீலம், தோளில் மட்டும் பளிச்சென்று ஒரு நீலத் திட்டு. பெண் பழுப்பு. காட்டோடையின் ஓரத்தில், நிழல் அடர்ந்த இடத்தில், பூச்சியும் சிறு தவளையும் பிடித்துத் தின்னும். பொழுது புலரும் வேளையிலும் மங்கும் வேளையிலும் சிறிது நேரம் கூரிய சீழ்க்கை ஒன்று அடிக்கும். அதைக் காண்பது அரிது. ஆகவே சீழ்க்கையைக் கேட்டுத்தான் அது இருக்குமிடத்தை அறிவார்கள். 1872இல் ஹோல்ட்ஸ்வேர்த் என்ற ஆங்கிலேயர் இதனை விஞ்ஞான உலகுக்கு அறிமுகஞ் செய்தபோது, சாமுவேல் பிளை என்ற கோப்பித் தோட்டத்துத் துரையின் பெயரையே இதற்கு வைத்தார். காடுகள் குறையக் குறைய இதுவும் குறைந்து, இன்று அழியும் அபாயத்திலுள்ள பறவைகளின் பட்டியலில் நிற்கிறது.

2011இலும் 2017இலும் நான் இதைத் தேடி ஹோட்டன் சமவெளிக்குப் போனேன். இரண்டு தடவையும் என் புத்தகத்தில் எழுதியது ஒரே சொல்: ‘இல்லை’.

ஒரு வெள்ளிக்கிழமை ஸுபஹ் தொழுதுவிட்டு அக்கரைப்பற்றிலிருந்து புறப்பட்டோம். எங்கள் பகுதியிலிருந்து மலைக்குப் போக இரண்டு மூன்று பாதைகள் உண்டு. எனக்குப் பிடித்தது பொத்துவில், லாகுகலை, சியம்பலாண்டுவை, மொனராகலை, வெல்லவாய என்று போகும் பாதை. இந்தப் பாதையில் மலை திடீரென்று முன்னால் வந்து நிற்காது. முதலில் வானத்தின் ஓரத்தில் ஒரு நீலக் கோடு, பிறகு ஒரு சாம்பல் சுவர், பிறகு அதன் நடுவே ஒரு வெள்ளை நூல்போல ஓர் அருவி. அரை நாளில், உப்புக் காற்றிலிருந்து பனிக்காற்றுக்கு ஒவ்வொரு படியாக ஏறலாம்.

லாகுகலைக் குளத்தில் தண்ணீர் தளும்பியது. நத்தைகுத்தி நாரைகளும் கொக்குகளும் கரையில் நின்றன. பட்ட மரக் கொப்பொன்றில் மயில் ஒன்று தோகையைத் தொங்கவிட்டபடி காலை வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. யானை எதையும் காணவில்லை; பேரனுக்கு அது பெரிய குறை. மொனராகலையில் காலைச் சாப்பாடு. வெல்லவாயவைத் தாண்டியதும் வேன் முனகத் தொடங்கியது. எல்லைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. இராவணன் அருவியடியில் படமெடுக்க நின்றவர்களின் கூட்டத்தில் தண்ணீரைப் பார்ப்பதே கஷ்டமாக இருந்தது. பண்டாரவளையில் ஜும்ஆ.

வெலிமடைப் பக்கம் மலைச்சரிவெல்லாம் படிப்படியாக மரக்கறித் தோட்டங்கள். லீக்ஸ், கரட், உருளைக்கிழங்கு. நம் வயல் ஒன்றின் பாதி அகலங்கூட இல்லாத துண்டுகளில் மண்ணை எப்படி மாய்ந்து மாய்ந்து பிடித்து வைத்திருக்கிறார்கள்! ஹக்கலைப் பூங்காவில் ஒரு மணித்தியாலம் நின்றோம். 1861இல் மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்தான சிங்கோனா மரத்தைப் பயிரிடத் தொடங்கிய இடம் அது. இப்போது ரோசாவும் பன்னங்களும். ஆனால் பூங்காவின் பின்பக்கத்து மலையில் இயற்கைக் காடு அப்படியே தொடங்கிவிடுகிறது. பறவை பார்க்க வருகிறவர் ரோசாப் பக்கம் முதுகைக் காட்டி நிற்கவேண்டும். அங்கேதான் பேத்திக்கு முதல் பறவை கிடைத்தது. நம் முற்றத்துக் கொண்டைக்குருவியின் உறவினன், ஆனால் கண்ணுக்குப் பின்னால் மஞ்சள் மயிர்க்கற்றை இரண்டு. “கம்மல் போட்டிருக்கு மூத்தாப்பா” என்றாள். அவளுக்கு ஒன்பது வயது. இதுவும் இலங்கைக்கே உரியது. மலைநாட்டுத் தோட்டங்களில் தாராளமாகக் காணலாம்.

தொலைநோக்கி வாங்க விரும்புவோருக்கு ஒரு வார்த்தை. எட்டு மடங்கு பெருக்கிக் காட்டுவது போதும். அதில் 8×40 என்று போட்டிருந்தால், எட்டு மடங்கு பெருக்கம், முன் கண்ணாடியின் குறுக்களவு 40 மில்லிமீற்றர் என்பது பொருள். பன்னிரண்டு, பதினாறு மடங்கு என்று கடைக்காரர் ஆசை காட்டுவார். அவ்வளவு பெருக்கத்தில் உங்கள் கை நடுக்கமும் அத்தனை மடங்கு பெருகும். குருவி கண்ணாடிக்குள் நில்லாது.

நுவரெலியா விக்டோரியாப் பூங்காவுக்குப் போனபோது மாலை நாலரை. பூப்பாத்திகளின் அழகைப் பார்ப்பவர்கள் பார்க்கட்டும். நான் போனது, பூங்காவின் ஓரத்தில் ஓடும் ஓடைக்கு. ஊர் அழுக்கும் பொலித்தீனும் சேர்ந்து வரும் ஓடை அது. அதன் கரைப் புதரில் இமயமலையிலிருந்து வந்த விருந்தாளிகள் தங்கியிருக்கிறார்கள் என்றால் நம்புவீர்களா? கறுப்பும் வெள்ளையுமான ஒரு பூங்குருவி சருகைக் கிளறிக்கொண்டிருந்தது. இமயமலைச் சாரலில் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிர்காலத்துக்கு இலங்கைக்கு வருவது. சிறிது நேரத்தில், தொண்டையில் செம்மஞ்சள் பூசியதுபோன்ற ஒரு சின்னஞ்சிறு ஈபிடிப்பான், வேலிக்கம்பியில் வந்து அமர்ந்து வாலை ஆட்டியது. அது காஷ்மீரில் கூடு கட்டும் இனம். குளிர்காலத்தைக் கழிக்க அது தேடி வரும் இடங்கள் நம் மலைநாடும் தென்னிந்தியாவின் மேற்கு மலைத்தொடரும். ஒக்டோபரில் வந்து மார்ச்சில் திரும்பிவிடும். சிட்டுக்குருவியிலும் சிறிய ஓர் உயிர், கடல் தாண்டி வந்து, நாம் எறிந்த யோகட் கோப்பையின் பக்கத்தில் பூச்சி தேடுகிறது.

ஆறு மணிக்குச் சற்று முன்னர் புதருக்குள்ளிருந்து இரண்டு சுரங்கொண்ட கூவல் ஒன்று கிளம்பியது. “ஆறுமணிக்குருவி!” என்றேன் நான், எல்லோருக்கும் முதலில். காலையும் மாலையும் ஆறு மணியளவில் கூவுவதால் தமிழில் அப்படிப் பெயர். பச்சை, நீலம், மஞ்சள், சிவப்பு என்று உடம்பெல்லாம் நிறம். இதுவும் வடக்கிலிருந்து வரும் விருந்தாளிதான். எல்லோருக்கும் முதலில் நான் கேட்டேன் என்பதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அன்றிரவு அந்தப் பெருமையுடன்தான் தூங்கினேன்.

மறுநாள் விடியுமுன் புறப்பட்டு, அம்பேவலைக்குக் கிட்ட பாதையோரப் புல்லில் பாய் விரித்து ஸுபஹ் தொழுதோம். வுளூச் செய்த தண்ணீர் கையை விறைக்கவைத்தது. பட்டிப்பொலை ரயில் நிலையம் 1,891 மீற்றர் உயரத்தில், நாட்டிலேயே மிக உயரமானது. அதையும் கடந்து ஏறினால் சமவெளியின் நுழைவாயில். பொதிகளைத் திறந்து பார்த்து, பொலித்தீனைக் களைந்து, தண்ணீர்ப் போத்தல்களின் லேபலைக்கூடக் கழற்றி எடுத்துவிட்டுத்தான் விடுகிறார்கள். சிலர் முணுமுணுத்தார்கள். முந்திய நாள் அந்த ஓடையைப் பார்த்திருந்ததால் நான் முணுமுணுக்கவில்லை.

இந்த உயரத்தில் காடு மிஞ்சியிருப்பதற்கும் ஒரு கதை உண்டு. வெள்ளையர் காலத்தில் கோப்பிக்காக மலைகள் மொட்டையடிக்கப்பட்டன. 1869இல் இலைநோய் வந்து கோப்பி அழியத் தொடங்க, 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் நட்டுக் காட்டியிருந்த தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. இதற்கிடையில், 1873இல், இலண்டன் கியூ தாவரப் பூங்காவின் பணிப்பாளர் ஜோசப் ஹூக்கர், 5,000 அடிக்கு மேலுள்ள காடுகளைத் தொடவேண்டாம் என்று அரசாங்கத்துக்கு ஆலோசனை கூறினார். ஆறுகள் எல்லாம் அங்கேதான் பிறக்கின்றன என்பது காரணம். அந்த ஒரு வரம்பு இல்லாவிட்டால் நாங்கள் அன்று போன இடமும் தேயிலைத் தோட்டமாக இருந்திருக்கும். ஹோட்டன் சமவெளி 1988இல் தேசியப் பூங்காவானது. 2010இல் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது.

வாயிலைத் தாண்டிச் சிறிது தூரத்தில், பாதையோரம் ஒரு சின்னக் குளம். பறவை பார்ப்பவர்கள் அதை ‘அரெங்காக் குளம்’ என்பார்கள். சீழ்க்கைக் குருவியின் பழைய விஞ்ஞானப் பெயரிலிருந்து வந்தது அது. மருமகனிடம் வேனை நிறுத்தி எஞ்சினையும் நிறுத்தச் சொன்னேன். பனிப்புகை தண்ணீர்மேல் படுத்திருந்தது. மரங்களின் பாசி சொட்டிக்கொண்டிருந்தது. யாரும் பேசவில்லை, பேரன் உட்பட. ஐந்து நிமிடம். பத்து நிமிடம்.

பேத்தி என் சட்டைக் கையை இழுத்தாள். “கேக்குதா மூத்தாப்பா?”

நான் தலையாட்டவில்லை.

“அந்தா... இப்ப திரும்பவும். சைக்கிள் பிரேக் மாதிரி.”

மகள் கேட்டது என்றாள். மருமகன் கேட்டது என்றார். வேனுக்குள்ளிருந்து என் மனைவியும், “மூணு தரம் கேட்டிச்சி” என்றார். எனக்கு இலைகளிலிருந்து சொட்டும் நீரின் சத்தம் கேட்டது. தூரத்தில் காட்டுச்சேவல் கூவுவது கேட்டது. சீழ்க்கை மட்டும் இல்லை. பிள்ளைகள் வேறெதையோ கேட்டுவிட்டு என்னைச் சந்தோஷப்படுத்தச் சொல்கிறார்கள் என்று நினைத்து, கொஞ்சம் சினத்துடன், “அது தவளையாக இருக்கும்” என்றேன். பேத்தி முகம் சுருங்கிப்போனாள். நான் செய்தது சரியில்லை என்று அப்போதே தெரிந்தது. ஆனாலும் வாய் முந்திவிட்டது.

பிறகு எல்லோரும் போகும் வழியில் நாங்களும் போனோம். ஃபார் இன் கட்டிடத்தடியில் மரைகள் வேன்களிடம் வந்து பாணுக்குத் தலை நீட்டின. கொடுப்பவர்களும் இருந்தார்கள், கொடுக்கக்கூடாது. மனைவியும் பேரனும் அங்கேயே தங்க, மற்றவர்கள் உலகமுடிவு வரை நடந்தோம். ஏறத்தாழ 870 மீற்றர் செங்குத்துப் பள்ளம். ஒன்பதரைக்கெல்லாம் முகில் ஏறி மூடிவிடும் என்பதால் பலர் ஓட்டமும் நடையுமாகப் போனார்கள். நாங்களும் மூடுமுன் பார்த்துவிட்டோம். ஆனால் எனக்கு மனம் குளத்தடியிலேயே இருந்தது. திரும்பும் வழியில் சாமுவேல் பேக்கரின் பெயர் கொண்ட அருவி. அந்த மனிதர் நுவரெலியாவில் குடியிருந்த காலத்தில் இந்தச் சமவெளியில் வேட்டையாடித் திரிந்தவர். அன்று இங்கே யானைகள் இருந்தன. இன்று ஒன்றும் இல்லை. காட்டு மரங்களும் பல இடங்களில் நின்றநிலையிலேயே பட்டுப்போய்ச் சாம்பல் நிறத்தில் நிற்கின்றன. இது சில தசாப்தங்களாகவே நடந்துவருவது.

ஓஹியப் பக்கமாக இறங்கி, அப்புத்தளையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பகல் சாப்பிட்டோம். பிளேன்டீ வந்தபோது மருமகன் தன் போனை எடுத்து, “மாமா, இதக் கொஞ்சம் கேட்டுப் பாருங்க” என்று என் காதருகே பிடித்தார். ஒன்றும் கேட்கவில்லை. “சத்தத்தைக் கூட்டுங்க மருமகன்” என்றேன். மேசையைச் சுற்றியிருந்த எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பக்கத்து மேசைக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார். போனின் திரையில் ஒரு கோடு ஓடிக்கொண்டிருந்தது. அது சீழ்க்கைக் குருவியின் ஒலிப்பதிவு. சத்தம் ஏற்கெனவே முழுதாகக் கூட்டப்பட்டிருந்தது.

பின்னர் அவர் ஆறுமணிக்குருவியைப் போட்டார். அது கணீரென்று கேட்டது.

வயது ஏற ஏறக் காது முதலில் இழப்பது உச்சத் தொனிகளைத்தான். உட்காதில் ஒலியை வாங்கும் மிக நுண்ணிய மயிர்க்கலங்கள் உண்டு. உச்சத் தொனியை வாங்குபவை வாசலை அடுத்து இருப்பதால் தேய்வதும் அவையே முதலில் என்பார்கள். பெருஞ்சத்தத்தில் வேலை செய்தவர்களுக்கு இந்தத் தேய்வு இன்னும் முந்தி வரும். நான் என் வாப்பாவின் அரிசி ஆலையில் பதினாறு வயது முதல் நின்றவன். அந்தக் காலத்தில் காதுக்குப் பஞ்சு வைக்கவேண்டும் என்று யாருக்குத் தெரியும்? ஆறுமணிக்குருவியின் கூவல் தாழ்ந்த தொனி, அது தப்பிவிட்டது. சீழ்க்கைக் குருவியின் குரலோ ஊசிமுனை. மனிதனுக்கு அந்தக் கலங்கள் ஒருதடவை போனால் போனதுதான், மீண்டும் முளைப்பதில்லை. பறவைகளுக்கு முளைக்கும். பறவைகளின் உட்காதில் அழிந்த மயிர்க்கலங்கள் திரும்ப வளர்வதை 1980களின் பிற்பகுதியில் கண்டறிந்தார்கள். அந்தக் குளத்தடியில் கூவிய குருவி எவ்வளவு கிழடானாலும் தன் சோடியின் குரலைக் கேட்கும்.

இதையெல்லாம் நான் பின்னால் தேடி வாசித்தேன். அன்று அப்புத்தளையில் எனக்குத் தோன்றியது வேறு. என் மனைவி, பிளேன்டீயை ஆற்றிக்கொண்டே, ஒன்றும் நடக்காததுபோலச் சொன்னார்: “முந்தி வந்தப்பவும் நான் சொன்னனே, ஏதோ கீச்சுன்னு கேக்குதுன்னு. நீங்கதான், பேசாம இரு புள்ள, குருவி பறந்திடும் என்டீங்க.”

சொன்னதுதான். 2017இல், அதே குளத்தடியில். அப்படியானால் என் புத்தகத்தில் இருக்கும் அந்த ‘இல்லை’கள் என்ன? 2011இல் என் காது எப்படி இருந்தது? அந்த இரண்டு காலைகளிலும் குருவி கூவிக்கொண்டிருக்க, நான் தொலைநோக்கியோடு நின்று, அது அழிந்துகொண்டு வருகிறது என்று கவலைப்பட்டுத் திரும்பியிருக்கிறேன்போலும். அது குறைந்துவருவது உண்மைதான். ஆனால் அதற்கு என் புத்தகம் சாட்சியல்ல.

அன்றிரவு அப்புத்தளையில் தங்கினோம். ஞாயிறு காலை, அடிஷாம் மாளிகையை ஒட்டிய தங்கமலைச் சரணாலயத்துக்குப் பேத்தியை மட்டும் கூட்டிக்கொண்டு போனேன். போகும் வழியில் தவளை விஷயத்துக்கு அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். “பரவாயில்ல” என்றாள் பெரிய மனுஷிபோல. ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். சத்தம் எந்தப் பக்கம் என்று அவள் கையை நீட்டவேண்டும், பேசக்கூடாது. எந்த மரம், எந்தக் கொப்பு என்று நான் கண்ணால் தேடவேண்டும். என் காது மங்கியிருக்கிறதே தவிர, ஐம்பது வருடமாகப் பழகிய கண் இன்னும் சரிதான்.

அவள் கை முதலில் நீண்டது மேலே, இடப்பக்கம். அங்கே வெள்ளைக்கண்ணிகள், ஏழெட்டு, இலைகளைப் புரட்டிக்கொண்டிருந்தன. அவற்றின் மெல்லிய கிசுகிசுப்பும் எனக்குக் கேட்கவில்லை என்பதை அப்போது அறிந்தேன். எத்தனை வருடமாக அவற்றை ஊமைக் குருவிகள் என்று நினைத்திருந்தேனோ. அடுத்தது புதரடியில்: மங்கிய நீல ஈபிடிப்பான் ஒன்று, கைக்கெட்டும் தூரத்தில். மூன்றாவது தடவை அவள் கை நீண்ட இடத்தில் நான் எவ்வளவு தேடியும் எதுவும் அகப்படவில்லை. “இருக்கு” என்றாள் வாயசைத்து. நான் ஒத்துக்கொண்டேன்.

இறங்கும்போது கொஸ்லந்தையால் வந்தோம். தியலும அருவி, 220 மீற்றர், தண்ணீர் குறைந்து பாறையில் ஒட்டியபடி வழிந்தது. அந்தப் பக்கத்து மீறியபெத்தைத் தோட்டத்தில்தான் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மண் சரிந்து லயன்கள் புதைந்தன. வேனுக்குள் பாட்டைத் தானாகவே நிறுத்தினார் மருமகன். வெல்லவாயவுக்கு வந்ததும் வெயில் முகத்தில் அடித்தது. கம்பளிச் சட்டைகள் எல்லாம் கழன்று பின்னாசனத்தில் குவிந்தன.

வீட்டுக்கு வந்த அடுத்த வாரம் காது வைத்தியரிடம் போனேன். அவர் எடுத்துத் தந்த வரைபடத்தில் கோடு பாதிவரை சமமாக வந்து, பிறகு உலகமுடிவுபோல விழுகிறது. காதுக் கருவி போட்டால் பேச்சு நன்றாகத் தெளியும், உச்சத் தொனிகள் எவ்வளவு வரும் என்று போட்டுத்தான் பார்க்கவேண்டும் என்றார். நோன்புக்குப் பிறகு போடுவதாக ஏற்பாடு. நாற்பது வயதைத் தாண்டியவர்கள், விசேடமாக ஆலையிலும் மரம் அரியும் இடத்திலும் வேலை செய்தவர்கள், ஒருதடவை சோதித்துப் பார்த்துக்கொள்வது நல்லது. வீட்டில் யாராவது “கேக்கலியா?” என்று அடிக்கடி கேட்டால் அவர்களோடு சண்டை பிடிக்குமுன் போங்கள்.

அன்றிரவு பழைய குறிப்புப் புத்தகங்களை எடுத்தேன். 2017இன் ‘இல்லை’யை அடித்துவிட்டு, அதன் மேலே ‘கேட்டவர்: என் மனைவி’ என்று எழுதினேன். 2011இனதை என்ன செய்வதென்று தெரியவில்லை. அவரைக் கூப்பிட்டு, அந்த வருடமும் ஏதாவது கேட்டதா என்று விசாரித்தேன். “அந்த வருஷம் சின்னவன் வழியெல்லாம் சத்தியெடுத்தான். குருவியக் கேக்க எனக்கெங்க நேரம்?” என்றார். அதை மட்டும் அப்படியே விட்டுவிட்டு, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன்.